கரடியை எழுப்பிவிட்ட பந்தி

மலையடிக் காட்டில் ஒரு குளம். அந்தக் குளக்கரையில் நான்கு நண்பர்கள் ஒன்றாகச் சாப்பிட்டு வந்தார்கள். கரியன் என்ற கரடி, வாலப்பன் என்ற குரங்கு, சுழியாள் என்ற நீர்நாய், ஈட்டியன் என்ற முள்ளம்பன்றி.

பலா பழுக்கும் காலம் வந்துவிட்டால் அந்தக் கரையே கலகலக்கும். வாலப்பன் மரத்தின் மேலேறி ஒவ்வொரு பழமாகத் தட்டிப் பார்ப்பான். "அண்ணே, விலகு! வருது, வருது!" என்று கத்துவான். பழம் தொப்பென்று விழும். கரியன் அதை இரண்டு கையாலும் பிளந்து நடுவில் வைப்பான். சுழியாள் மீனோடு கரையேறுவாள். ஈட்டியன் மண் அப்பிய மூக்கோடு கிழங்கு கொண்டுவருவான்.

அப்புறம் சாப்பாடா நடக்கும்? ஒரே பேச்சு! வாயில் சுளையை வைத்துக்கொண்டே கரியன் கதை சொல்வான். சிரிக்கிற சிரிப்பில் சுழியாளுக்குப் புரை ஏறும். வாலப்பன் அவள் தலையில் தட்டுவான். அவன் பங்கை ஈட்டியன் எடுத்துத் தின்றுவிடுவான். யாரும் கோபித்துக்கொண்டதில்லை. அப்படி ஒரு காலம்!

ஒரு கோடையில் மனிதர்கள் வலை வீசி வாலப்பனைப் பிடித்துக்கொண்டு போனார்கள். மலைக்குக் கீழே ஒரு தேயிலைத் தோட்டம் இருந்தது. அதன் பங்களாவுக்குத்தான் அவனைக் கொண்டுபோனார்கள்.

சில மழைக்காலங்கள் போயின. இனி அவன் வரமாட்டான் என்றே குளக்கரையில் எல்லாரும் நினைத்துவிட்டார்கள். ஒரு நாள் காலையில் தோளில் ஒரு துணிப்பையோடு வந்து நின்றான் வாலப்பன்!

"வந்துட்டியா! நிஜமாவே நீதானா!" என்று சுழியாள் தண்ணீரிலிருந்து துள்ளிக் குதித்தாள். ஈட்டியன் சந்தோஷத்தில் முள்ளையெல்லாம் சிலுப்பிக்கொண்டு ஓடிவந்தான். கரியன் ஓடிவந்து அவனை ஒரே கையால் அணைத்துத் தூக்கினான்.

அப்போதுதான் வாலப்பன் பார்த்தான். கரியனின் இடது கை மணிக்கட்டுக்குக் கீழே இல்லை.

"அண்ணே! கை என்ன ஆச்சு?"

"பொறியில் மாட்டிக்கிச்சு. அது பழைய கதை, விடு! நீ வந்துட்டே, அது போதும். முதல்ல சாப்பிடு!" என்றான் கரியன்.

சுழியாள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். கரியன் அவளை ஒரு பார்வை பார்த்தான். அவள் பேசாமல் இருந்துவிட்டாள்.

அன்று மாலை பலாப்பழம் விழுந்தது. கரியன் அதைக் காலால் அழுத்திப் பிடித்து, வலது கையால் கிழித்து, சுளைகளை அள்ளி வைத்தான். எல்லாரும் கையை நீட்டினார்கள்.

"சே! சே! நிறுத்துங்கள்!" என்று கத்தினான் வாலப்பன். "இது என்ன காட்டுத்தனம்! பங்களாவில் இப்படித் தின்றால் வெளியே தள்ளிவிடுவார்கள். நான் அங்கே எப்படி இருந்தேன் தெரியுமா? வெள்ளைத் துணி விரித்த மேசை! மேசை நிறையப் பளபளப்பு!"

பையைக் கவிழ்த்தான். முள்கரண்டிகளும் கத்திகளும் கலகலவென்று கொட்டின. வெயில் பட்டு அவை மின்னிய மின்னலில் எல்லாரும் வாயைப் பிளந்தார்கள்.

"முள்கரண்டி இடது கையில்! கத்தி வலது கையில்! முள்ளால் குத்திப் பிடிக்க வேண்டும், கத்தியால் அறுக்க வேண்டும். மாற்றிப் பிடிக்கக் கூடாது. மெல்லும்போது வாயைத் திறக்கக் கூடாது. சாப்பிடும்போது பேச்சு கூடவே கூடாது!"

"முள்ளா? எனக்கு முதுகு பூராவும் இருக்கே!" என்றான் ஈட்டியன்.

"அதெல்லாம் செல்லாது!"

சுழியாள் ஒரு மீனை முள்கரண்டியால் குத்தப் பார்த்தாள். அதற்கு இன்னும் உயிர் இருந்தது. எகிறிக் குதித்துக் குளத்துக்குள் போய்விட்டது. ஈட்டியன் கரண்டியைத் தலைகீழாகப் பிடித்துத் தன் மூக்கையே குத்திக்கொண்டான். ஆனாலும் இருவரும் விடவில்லை. பளபளப்பான பொருளைக் கையில் பிடித்தால் தாமும் கொஞ்சம் உயர்ந்துவிட்டதுபோல் இருந்தது.

கரியன் கத்தியை வலது கையில் எடுத்தான். முள்கரண்டியைப் பார்த்தான். கத்தியைக் கீழே வைத்துவிட்டு முள்கரண்டியை எடுத்தான். அதையும் கீழே வைத்தான்.

"எனக்கு ஏதாவது ஒண்ணுதான் முடியும் தம்பி. நான் கையாலேயே சாப்பிட்டுக்கிறேன்" என்றான் சிரித்துக்கொண்டே.

"அது எப்படி அண்ணே? ஒருத்தருக்கு விட்டுக்கொடுத்தால் முறை என்ன ஆவது? நீ அந்தப் புதருக்குப் பின்னால் உட்கார். உன் பங்கை இலையில் வைத்து அனுப்புகிறேன்."

ஈட்டியன் தன் கரண்டியையே பார்த்துக்கொண்டிருந்தான். சுழியாள் தண்ணீரைப் பார்த்தாள்.

கரியன் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தான். யாராவது, "இங்கேயே இரு" என்று சொல்வார்கள் என்று கொஞ்ச நேரம் காத்திருந்தான். பிறகு எழுந்து புதர்ப்பக்கம் நடந்தான். புதரைத் தாண்டியும் நடந்தான். காலையில் போய்ப் பார்த்தபோது இலையில் வைத்த சுளைகளில் எறும்பு மொய்த்துக் கிடந்தது. கரியன் மலையைத் தாண்டிப் போய்விட்டான்.

அதன்பின் குளக்கரையில் முறையான சாப்பாடு நடந்தது. இடது கையில் முள், வலது கையில் கத்தி. ஒருவர் வாயும் திறக்கவில்லை. கரண்டி உரசுகிற சத்தத்தைத் தவிர வேறு சத்தமில்லை. கொஞ்ச நாளில் ஈட்டியன், "எனக்குப் பசியில்லை" என்று வளையிலேயே இருந்துவிட்டான். சுழியாள் மீனைத் தண்ணீருக்குள்ளேயே தின்றுவிட்டு வந்தாள்.

மறு பருவத்தில் பலா காய்த்துக் குலுங்கியது. வாலப்பன் ஒரு பழத்தைத் தள்ளிவிட்டான். தரையில் கிடந்த பழத்தைத் தன் கத்தியால் குத்தினான். கத்தி வளைந்தது. இன்னொரு கத்தியை எடுத்தான். அதுவும் வளைந்தது.

"அண்ணன் கொஞ்சம் அனுசரித்துப் போயிருக்கலாம். ஒரு கை இல்லாவிட்டால் என்ன, இவ்வளவு வீம்பா!" என்று முணுமுணுத்தான்.

சுழியாளுக்குப் பொறுக்கவில்லை.

"அந்தக் கை எப்படிப் போச்சுன்னு தெரியுமா உனக்கு?" என்று கத்தினாள். "உன்னைப் பிடிச்சுக்கிட்டுப் போனாங்களே, அன்னைக்கு ராத்திரியே உன்னைத் தேடிக்கிட்டுப் போனான்! தோட்டத்து வேலிகிட்ட பொறி வெச்சிருந்தாங்க. மாட்டிக்கிட்டான். கையை அங்கேயே விட்டுட்டுத்தான் திரும்பி வந்தான். உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு எங்ககிட்ட சத்தியம் வாங்கிக்கிட்டான். 'அவன் மனசு கஷ்டப்படும்'னு சொன்னான்!"

வாலப்பனின் கையிலிருந்து கத்தி நழுவியது.

"ஏன்... ஏன் அன்னைக்கே சொல்லலை?"

"சொல்லியிருக்கணும்" என்றாள் சுழியாள். அவள் குரல் இறங்கிவிட்டது. "நீ போகச் சொன்னே. நாங்க பார்த்துக்கிட்டு இருந்தோம். எங்க மேலயும்தான் தப்பு."

வாலப்பன் அதற்குமேல் நிற்கவில்லை. மரத்துக்கு மரம் தாவி மலையேறினான். உச்சியைத் தாண்டி அடுத்த சரிவில் இறங்கினான்.

அங்கே ஒரு பாறைச் சரிவில் கரியன் தன்னந்தனியாக ஒரு பலாப்பழத்தோடு போராடிக்கொண்டிருந்தான். காலால் அழுத்தினால் பழம் நழுவியது. கையால் பிடித்தால் கிழிக்க வேறு கை இல்லை. பழம் உருண்டது. கரியன் கீழே போய் அதை மறுபடி தள்ளிக்கொண்டு வந்தான்.

வாலப்பன் ஓடிப்போய்ப் பழத்தின் இடது பக்கத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டான்.

கரியன் அவனைப் பார்த்தான். வலது கை நகத்தை இறக்கி ஓர் இழு இழுத்தான். பழம் இரண்டாகப் பிளந்தது.

"அண்ணே, எனக்குத் தெரியாது. சுழியாள் இப்பத்தான் சொன்னா..." என்று வாலப்பன் அழுதான்.

"அவளால ரகசியம் காப்பாத்தவே முடியாது" என்றான் கரியன். கையில் ஒட்டிய பாலைப் பாறையில் தேய்த்துவிட்டு, "அது இருக்கட்டும். பங்களாவில் உனக்குத் தின்ன என்ன கொடுத்தாங்க?" என்று கேட்டான்.

வாலப்பன் திகைத்துப்போனான். அவன் திரும்பி வந்த நாளிலிருந்து யாரும் அவனிடம் அதைக் கேட்டதில்லை.

"நான் அந்த மேசையில் உட்கார்ந்ததே இல்லை அண்ணே" என்றான் மெதுவாக. "என்னை வராந்தாத் தூணில் சங்கிலியால் கட்டியிருந்தாங்க. ஜன்னல் வழியா அவங்க சாப்பிடுறதைப் பார்த்துக்கிட்டே இருப்பேன். எந்தக் கையில் எதைப் பிடிக்கணும்னு அப்படித்தான் கத்துக்கிட்டேன். மிஞ்சினதைத் தூக்கிப் போடுவாங்க. அதைத் தின்னும்போதெல்லாம் நம்ம குளக்கரையைத்தான் நினைப்பேன். உன் கதையை நினைச்சுத் தனியாச் சிரிப்பேன். ஒரு நாள் சங்கிலி அறுந்ததும் மேசையில் கிடந்ததை அள்ளிக்கிட்டு ஓடிவந்துட்டேன். வெளியே உட்கார வெச்சா எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும் அண்ணே! தெரிஞ்சும் உன்னை உட்கார வெச்சேன்."

கரியன் பழத்தில் துழாவினான். இருப்பதிலேயே பெரிய சுளையை எடுத்து, கொட்டையை நீக்கி, வாலப்பனின் வாயருகே நீட்டினான்.

"தின்னு. அழுதுக்கிட்டே தின்னா தொண்டையில் சிக்கும்" என்றான்.

கரியன் குளக்கரைக்குத் திரும்பி வரவில்லை. அந்தச் சரிவு அவனுக்குப் பழகிவிட்டது. சுழியாள்தான் கால் வலிக்க மலையேறி வந்தாள். ஈட்டியன் வழியில் படுத்துப் படுத்து ஒருவழியாக வந்து சேர்ந்தான். மழை பெய்தால் அவர்களால் வர முடியவில்லை. எல்லாரும் கூடிய நாட்கள் முன்போல் நிறைய இல்லை. ஆனால் கூடிய நாளில், கரியனின் இடப்பக்கம் உட்கார வாலப்பன் வேறு யாரையும் விட்டதில்லை.

எந்தக் கையில் எதைப் பிடிப்பது என்பதை எப்போது வேண்டுமானாலும் கற்றுக்கொள்ளலாம். பக்கத்தில் உட்கார்ந்து உண்பவரின் மனம் நோகாமல் பார்த்துக்கொள்வதே சாப்பாட்டு முறைகளில் முதல் முறை.