எழுத்தில்லாத மைல்கற்கள்

முன்னொரு காலத்தில், யானைப்படையும் குதிரைப்படையும் இருந்த ஒரு ராஜ்ஜியத்தில் சைக்கிளும் இருந்தது. அதெப்படி என்று கேட்பவர்கள் எழுந்து போகலாம். கதை கேட்பவர்கள் மட்டும் உட்காருங்கள்.

அங்கே வடிவு என்று ஒருத்தி. பால்காரர் பாலை அளந்தால் அவர் கையையே பார்ப்பாள். பூக்காரி முழம் போட்டால் தானும் ஒரு தரம் முழம் போட்டுப் பார்ப்பாள். அவள் தங்கை அஞ்சலையோ யார் எதைக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்கிற வெள்ளை மனசுக்காரி. சந்தைக்கென்று கிழக்குச் சாலையில் நடந்து போன அஞ்சலை திரும்பவே இல்லை. தாய் தகப்பன் இல்லாத வடிவுக்கு இருந்தது அந்த ஒரு உயிர்தான்.

விடிந்ததும் வடிவு சைக்கிளை எடுத்தாள். வேகமாகப் போனால் கண்ணுக்குத் தப்பிவிடும் என்று மெல்ல மிதித்தாள். வரப்பு, வாய்க்கால், புதர் எல்லாவற்றையும் முறைத்துக்கொண்டே போனாள்.

காலையில் வாத்து மேய்ப்பவர் ஒருவர் எதிரே வந்தார். "எந்த ஊரு தாயி? யாரு வீட்டுப் பொண்ணு?"

இவனுக்கு எதற்கு இத்தனை விவரம்? வடிவு நம்பவில்லை. வாய்க்கு வந்த ஊரைச் சொல்லிவிட்டு மிதித்தாள்.

உச்சிவேளையில் கடலைக்காட்டில் ஓர் அம்மாள். "எந்த ஊரு கண்ணு? யாரு வீட்டுப் பொண்ணு? செத்த உக்காந்துட்டுப் போயேன்."

வடிவு நம்பவில்லை. வேறொரு ஊரைச் சொன்னாள். பதிலுக்கு 'நீங்க எந்த ஊரு' என்று கேட்பதுதான் மரியாதை. அதைக்கூடக் கேட்கவில்லை, பாவி மகள்.

பொழுது சாயும் நேரம். சாலையோரம் மைல்கற்கள் நெருக்கி நெருக்கி நின்றன. ஒன்றிலும் எழுத்தில்லை. பக்கத்தில் ஒரு மோர்ப்பந்தல். பட்டுத் தலைப்பாகைக்காரன் ஒருவன் சிரித்த முகமாய்க் குவளையை நீட்டினான். "வாம்மா, களைச்சு வந்திருக்கே. குடி."

இஞ்சி தட்டிப் போட்ட மோர். வடிவுக்கு நாக்கு வறண்டு கிடந்தது. குவளையை வாயருகே கொண்டுபோனவள் சட்டென்று நின்றாள். இந்தச் சீமையில் ஒரு வாய் தண்ணீர் கொடுப்பவர்கூட ஊரைக் கேட்காமல் கொடுத்ததில்லையே! இவன் ஏன் கேட்கவில்லை?

"அய்யா, நீங்க எந்த ஊரு?"

"எல்லா ஊரும் நம்ம ஊருதாம்மா. குடி." சொல்லும்போதே ஆள் ஒரு சாண் குறைந்தான்.

"யாரு வீட்டுப் பிள்ளை?"

"வழிப்போக்கனுக்கு ஏது வீடு? குடிடி!" இப்போது அவள் இடுப்பளவுதான் இருந்தான்.

"பெத்தவ பேரு என்ன?"

அவன் வாயைத் திறந்தான். சொல் வரவில்லை. மந்திரம் கற்பதற்காகப் பெற்றவளையும் பிறந்த ஊரையும் அடியோடு மறந்த மந்திரவாதி அவன். கேட்டால் திருப்பிக் கேட்பார்களே என்ற பயத்தில்தான் யாரையும் ஊர் கேட்டதில்லை. நின்ற இடத்திலேயே ஒரு பிடி சாம்பலாகிப் போனான்.

அவன் மோரைக் குடித்து மைல்கற்களாய் நின்றவர்கள் எல்லாம் மனிதர்களாக எழுந்தார்கள். கடைசிக் கல்லிலிருந்து அஞ்சலை கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தாள். "அக்கா, நீ எப்ப வந்தே?"

வடிவு அவளைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள்.

"நீ அசந்து போயிருக்கே. பின்னாடி உக்காரு, நான் மிதிக்கிறேன்" என்றாள் அஞ்சலை.

வழி தெரியுமா, பிரேக் பிடிக்கத் தெரியுமா, எதையும் வடிவு கேட்கவில்லை. கேரியரில் ஏறி, தங்கையின் முதுகில் தலையைச் சாய்த்து, வீடு வரும்வரை கண்ணை மூடிக்கொண்டாள்.