மௌனக் குகை

“அம்மா, என் கைகளைக் கட்டிப் போடுங்கள்.”

அம்பலவாணர் இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு நின்றார்.

நாச்சி அம்மை கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அவரைவிட வயதில் இளையவள். ஆனாலும் அந்த மலை மடத்தில் அவளே குரு. அம்பலவாணர் ஊரில் நெடுங்காலம் பிள்ளைகளுக்கு இலக்கணம் சொல்லிக்கொடுத்தவர். ஒரு பிள்ளையைக்கூட அடித்ததில்லை. மடத்துக்கு வந்த கையோடு மௌனக் குகையில் தவம் இருக்கப் போய்விட்டார்.

“ஏன் கட்ட வேண்டும்?”

“இன்று காலையில் மாசிலாமணியைக் கொல்லப் பார்த்தேன்.”

அம்மை கீரையைக் கீழே வைத்தாள்.

மாசிலாமணி மடத்துச் சமையல்காரர். பிள்ளைகுட்டிக்காரர். குகைக்குத் தினமும் கஞ்சி கொண்டுபோகிறவர்.

“அவர் என்ன செய்தார்?”

“ஒன்றும் செய்யவில்லை. வருகிறார், வைக்கிறார், போகிறார். முதலில் அவர் காலடிச் சத்தம் கேட்டாலே சுவரோடு ஒட்டிக்கொள்வேன். பிறகு, கஞ்சியில் எதையோ கலக்கிறார் என்று தோன்றியது. குடிக்காமல் பாறை இடுக்கில் ஊற்றிவிடுவேன். இன்று அவர் குனிந்தபோது என் கையில் கல் இருந்தது. எப்படியோ போட்டுவிட்டு ஓடி வந்தேன்.”

“அவருக்குத் தெரியுமா?”

“தெரியாது.”

அம்மை அவர் நீட்டிய கைகளைப் பார்த்தாள்.

“இந்தக் கொலைகாரன் எனக்குள் எத்தனை காலமாக இருக்கிறான் அம்மா? பிள்ளைகள் நடுவே உட்கார்ந்திருந்தபோதும் இருந்தானா? உள்ளே தேடிப் பார்க்கிறேன். தேடத் தேடப் பயம்தான் கூடுகிறது.”

அம்மை எழுந்து கைகளைத் துடைத்துக்கொண்டாள்.

“நான் போய் அந்தக் குகையில் உட்காருகிறேன்.”

“வேண்டாம் அம்மா. அங்கே ஏதோ இருக்கிறது.”

அவள் போய்விட்டாள். போகிற வழியில், சாயங்காலக் கஞ்சியைக் குகைக்கே கொண்டுவரும்படி மாசிலாமணியிடம் சொல்லிவிட்டுப் போனாள்.

வெயில் தாழ்ந்ததும் மாசிலாமணி கலயத்தோடு ஏறினார். மனசு கேட்காமல் அம்பலவாணரும் பின்னால் போனார், தள்ளியே. முன்னால் போகிறவரின் பிடரி கண்ணில் பட்டது. பார்வையைத் திருப்பிக்கொண்டு, கைகளை அக்குளில் இடுக்கிக்கொண்டார்.

“என்னங்கய்யா, சத்தத்தையே காணோம்? வர்றீங்களா?” மாசிலாமணி திரும்பாமலே கேட்டார்.

“வருகிறேன். நடங்கள்.”

குகை வாய் இடுப்பளவுதான். உள்ளே நிமிர முடியாது. முழங்காலை நெஞ்சோடு சேர்த்து, கழுத்தை மடக்கித்தான் உட்கார வேண்டும். மூச்சு பாதியிலேயே நின்றுவிடும். ஒருவர் நடந்து வந்தால், சுவரில் மோதி நாலைந்து பேர் வருவதுபோலக் கேட்கும்.

மாசிலாமணி குனிந்தார். அவர் உடம்பு வாயிலை அடைத்ததும் உள்ளே இருந்த கொஞ்ச வெளிச்சமும் போயிற்று.

“அம்மா, கஞ்சி.”

உள்ளே ஏதோ உரசியது. நாய் இரைப்பதுபோல ஒரு மூச்சு.

“மாசிலாமணி, பின்னால் போங்கள்.”

அது அம்மையின் குரல் என்று அம்பலவாணருக்குச் சட்டென்று பிடிபடவில்லை.

“போய்விடுங்கள்.”

மாசிலாமணி தடுமாறி விலகினார். அம்மை தவழ்ந்து வெளியே வந்தாள். முகம் வெளிறியிருந்தது. வலது கையில், தேங்காய் அளவு கல்.

மூன்று பேரும் அந்தக் கல்லைப் பார்த்தார்கள்.

அவள் விரல்கள் பிரிய நேரமாயிற்று. கல் சரிவில் உருண்டு, கீழே எங்கோ மோதி நின்றது.

“நீங்களுமா அம்மா?”

“நானும்தான்.”

“உங்களுக்குள்ளும் அந்தக் கொலைகாரன் இருக்கிறானா?”

“கால் மரத்துப்போயிற்று. சாய்ந்துவிடாமல் கை ஊன்றினேன். ஊன்றிய இடத்தில் கல் இருந்தது. சத்தம் கேட்டதும் கை அதை இறுக்கிக்கொண்டது.” அம்மை விரல்களை நீட்டி மடக்கினாள். “யாரை அடிப்பது என்று மனம் கேட்டதே அதற்கு அப்புறம்தான்.”

மாசிலாமணி இன்னும் ஓர் அடி பின்னால் வைத்தார். கஞ்சி ததும்பிக் கலயத்தின் விளிம்பில் வழிந்தது.

“நான் என்னம்மா தப்பு செஞ்சேன்?”

“உங்கள் மேல் ஒரு தப்பும் இல்லை. இனி இதற்குள் யாரும் உட்கார வேண்டாம்.”

அவள் திறந்த பாறையில் கால் நீட்டி உட்கார்ந்தாள். காற்று வீசியது. அம்பலவாணர் நின்றுகொண்டே இருந்தார்.

“அப்படியானால் என் மனம் எங்கே இருக்கிறது அம்மா? எனக்குள்ளா, அந்தக் குகைக்குள்ளா?”

“அவரிடமிருந்து கஞ்சியை வாங்குங்கள்.”

அம்பலவாணர் பயந்து பயந்து ஒரு கையை நீட்டினார்.

“இரண்டு கையாலும்.”

கலயம் இன்னும் சூடாக இருந்தது. அதைத் தாங்கிக்கொண்டு நிமிர்ந்தார். குகைக்குள்ளிருந்து அவர் கண்டதெல்லாம் இரண்டு கால்கள், ஒரு கை, ஒரு நிழல். இப்போது எதிரே ஒரு முகம் இருந்தது. வியர்த்து, உதடு துடித்து, அவரைப்போலவே பயந்துபோய். முன்பல் ஒன்று பாதி உடைந்திருந்தது.

“பல் எப்படி உடைந்தது?” என்று கேட்டார் அம்பலவாணர்.