பள்ளத்துக்கு மூணு கும்பிடு

ஜப்பான்னு ஒரு தேசம் இருக்குல்ல, அங்க ஒரு மலையடிவாரத்துல ஒரு ஊரு. அந்த ஊருக்குப் பின்னால வரிசையா மூணு மலை. மூணும் நெருப்பு மலை. உச்சியில எப்பவும் புகை வந்துக்கிட்டே இருக்கும், என்னைக்காவது குமுறும், ஊரெல்லாம் சாம்பலாக் கொட்டும், ஜனங்க அதைக் கூட்டி அள்ளிட்டு சோறாக்கப் போயிடுவாங்க. பழகிப்போச்சு, என்ன பண்றது.

அந்த ஊர்ல ஒகினுன்னு ஒருத்தி. மூணாவது மலைக்கு அந்தப் பக்கம் ஒரு வெந்நீர் ஊத்து இருந்துச்சு, அதுல குளிச்சா மூட்டுவலி போகும்னு ஜனங்க வருவாங்க, அவங்களுக்கு வழி காட்டிக் கூட்டிட்டுப் போறதுதான் இவ வேலை. ஆளு குட்டை. மலை பூராவும் கருப்புச் சாம்பல் சரிவு, ரெண்டு அடி ஏறினா ஒரு அடி சறுக்கும், காலுல போட்ட வைக்கோல் செருப்பு ஒரே நாள்ல தேஞ்சுடும், அதனால இடுப்புல மூணு ஜோடி தொங்கவிட்டுக்கிட்டுத்தான் கிளம்புவா.

அவகிட்ட ஒரு பழக்கம். நெருப்பு மலையில பள்ளம் இருந்தா அதுல விஷக்காத்து தேங்கி நிக்கும், குளத்துல தண்ணி நிக்கிற மாதிரி. கண்ணுக்குத் தெரியாது. அதனால இவ பள்ளத்தோரமா குப்புறப் படுத்து, நீளக் கம்புல கொளுத்தின கயித்தைக் கட்டி, அடிவரைக்கும் இறக்கிப் பார்ப்பா. கங்கு அணையலைன்னா இறங்கிப் போவா, அணைஞ்சா சுத்திப் போவா. "மலைய ஏறச் சொன்னா படுத்துக்கிட்டாளே"ன்னு வர்றவங்கல்லாம் சிரிப்பாங்க. சிரிச்சவங்க எல்லாரும் உசிரோட வீட்டுக்குப் போய்த்தான் சிரிச்சாங்க, அது வேற விஷயம்.

அந்தச் சீமை ராஜாவுக்கு ஒருநாள் முழங்கால் குடைஞ்சுது. உடனே கன்பெய்ங்கற அதிகாரியக் கூப்பிட்டு, "நான் கடல் வழியா மெதுவா வர்றேன், நீ மலை வழியா முன்னால போய் நாலு நாள்ல ஊத்துல எனக்குக் குளிக்க எல்லாம் தயார் பண்ணி வை"ன்னாரு. சரின்னு வந்தவன் என்ன பண்ணினான், ஊர்ல அரிசிச் சாராயம் நல்லா இருக்குன்னு மொத நாள் குடிச்சான், ரெண்டாம் நாள் குடிச்சான், மூணாம் நாளும் குடிச்சான். நாலாம் நாள் கண்ணு முழிச்சு, "ஐயையோ"ன்னு பல்லக்குல ஏறி உட்கார்ந்தான். முன்னால வழி காட்ட ஒகினு, தூக்கறதுக்கு நாலு பேரு. அதுல ஒருத்தன் யசூகே, நம்ம ஒகினு புருஷன்.

மொத மலை தாண்டியாச்சு, ரெண்டாவது மலை தாண்டியாச்சு. மூணாவது மலையில பெரிய பள்ளம், சுத்தியும் மஞ்சள் மஞ்சளா கந்தகம், ஒரு புல்லு பூண்டு இல்லை. ஒகினு படுத்துக் கயித்தை இறக்கினா. பொசுக்குனு அணைஞ்சுது.

"எசமான், சுத்தித்தான் போகணும், ரெண்டு நாள் கூட ஆகும்"னா.

"ஏ குட்டை, அது காத்துல அணைஞ்சிருக்கும். நேரா இறங்குங்கடா."

திரும்பவும் கொளுத்தி இறக்கினா, அணைஞ்சுது. மூணாந்தடவையும் இறக்கினா, அணைஞ்சுது.

கன்பெய்க்குக் கோவம் பொத்துக்கிட்டு வந்துச்சு. "பல்லக்கு இறங்கலைன்னா நாலு பேரு தலையும் இறங்கும்"னு கத்தினான்.

ஒகினு கங்கு அணைஞ்ச உயரத்தை மனசுல அளந்து பார்த்தா. விஷக்காத்து ஆள் மட்டத்துக்கு நிக்குது. இவன் பல்லக்கு மேல ஒசக்க உட்கார்ந்திருக்கான், இவனுக்கு மூச்சு முட்டறதுக்குள்ள தூக்கறவங்க நாலு பேரும் பொத்துனு விழுந்துடுவாங்க. இறங்கினாலும் புருஷன் போயிடுவான், இறங்காட்டியும் போயிடுவான்.  எந்திரிச்சுக் கைகட்டி நின்னா.

"எசமான் சொன்னா சரிதான். ஆனா ஒரு முறை இருக்கு. வந்தவங்கள்லயே பெரியவர் யாரோ அவர்தான் முதல்ல பத்தடி இறங்கி, நெத்தி மண்ணுல பட மூணு கும்பிடு போடணும். என் புருஷன் பண்ணட்டுமா?"

"அவன் பெரியவனா?" கன்பெய் பல்லக்கை விட்டுக் குதிச்சுட்டான்.

"இடுப்புல ஒரு கயிறும் கட்டணும், எசமான். அது பெரியவங்களுக்கு மட்டும்தான் கட்டறது."

"நல்லா இறுக்கிக் கட்டு!"

பாருங்க, கேட்டு வாங்கிக் கட்டிக்கிட்டான்.

இறங்கினான். மொத கும்பிடு போட்டான், இருமினான். ரெண்டாங் கும்பிடு போட்டான், கண்ணுல தாரையா தண்ணி கொட்டுச்சு. மூணாங் கும்பிடு போட்டான், எந்திரிக்கலை.

"இழுங்க!"ன்னா ஒகினு. நாலு பேரும் ஏலேலோன்னு இழுத்துப் போட்டாங்க. மூஞ்சி நீலம் பாரிச்சுக் கிடந்தான். "இவனை இழுத்திருக்கவே வேண்டாம்டி"ன்னான் யசூகே. "மலை மேல கூட்டிட்டு வந்தவனக் கீழ கொண்டு சேக்கணுங்க, அதுதான் என் வேலை"ன்னுட்டா அவ. கொஞ்ச நேரத்துல மூச்சு வந்துச்சு. அவன் எந்திரிச்சு உட்கார்ந்து, சுத்திப் போகலாம்னு கையால காட்டினான்.

ரெண்டு நாள் கழிச்சுப் போய்ச் சேர்ந்தா, ராஜா அவங்களுக்கு முன்னால வந்து முழங்காலைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்காரு. வெந்நீர் இருக்கு, விரிக்கப் பாய் இல்லை, மாத்துத்துணி இல்லை.

"எங்கடா போன?"

குப்புற விழுந்தும் மீசையில மண் ஒட்டலைன்னு சொல்ற ஜாதிதானே அவன்? நெஞ்சை நிமித்திக்கிட்டு, "மகாராஜா, மலையில பள்ளம் பள்ளமா இறங்கி உங்க பேரைச் சொல்லிக் கும்பிட்டுட்டு வந்தேன், அதான் தாமசம்"னான்.

ராஜாவுக்கு அப்படியே குளிர்ந்து போச்சு. "அடடா, இப்படி ஒரு பக்தியா! இனிமே உனக்கு அரண்மனையில வேலை இல்லை. இந்த மலையிலேயே இரு. யாரு ஊத்துக்கு வந்தாலும், ஒரு பள்ளம் விடாம நீதான் முதல்ல இறங்கி என் பேரைச் சொல்லி மூணு கும்பிடு போடணும். சாகற வரைக்கும்."

கன்பெய் வசமா மாட்டிக்கிட்டான்.  சொன்னது பொய்யின்னா தலை போகும், மெய்யின்னா மூச்சு போகும். நுணலும் தன் வாயால் கெடும்னு சும்மாவா சொன்னாங்க.

மறுநாள் காலையில ஒகினு திரும்பி மலையேறக் கிளம்பறா, பின்னாலேயே ஓடி வந்தான். பட்டு அங்கியோட அவ முன்னால மண்ணுல குப்புறப் படுத்தான்.

"அம்மா,"ன்னான், "அந்தக் கம்பை எப்படிப் பிடிக்கணும்?"

கதை மலையேறிடுச்சு, பிள்ளைங்களா. கேட்டதெல்லாம் போதும், எந்திரிச்சுப் போய் ஆகவேண்டிய வேலையப் பாருங்க.