வட்டப்பாறை நாய் ஒறங்காது

"நாய் அசந்து ஒறங்கிருச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போய்யா, விட்டுர்றேன்" என்றார் ஊர்த்தலைவர் சாத்தையா அம்பலம்.

அவ்வளவுதான் பஞ்சாயத்து. முந்தின நாள் மத்தியானம், ஊர் ஊராய்க் கிடை போட்டு ஆடு மேய்க்கும் வெள்ளைக்கண்ணுக் கீதாரியின் ஆடுகளில் நாற்பது, அம்பலத்தின் கடலைக் கொல்லையில் இறங்கிச் செடியை மொட்டையடித்துவிட்டன. மழை பொய்த்த வருஷம். சுற்றுவட்டாரத்தில் இந்த ஊர்க் கண்மாயில் மட்டும்தான் கொஞ்சம் தண்ணீர் கிடந்தது. இங்கிருந்து விரட்டினால் சினை ஆடுகளை ஓட்டிக்கொண்டு இரண்டு நாள் நடக்க வேண்டும்.

கீதாரியின் பெண்டாட்டி முத்திருளாயிக்குப் போன உயிர் வந்தது. "சொல்லித் தொலைய்யா" என்று புருஷன் முதுகில் இடித்தாள். நாய் ஒறங்கினது நிஜம். மல்லாந்து கிடந்ததை அவளே பார்த்தாள். இப்போதும் வேப்பமரத்தடியில் அப்படித்தான் கிடந்தது.

ஆனால் வெள்ளைக்கண்ணுவை என்ன சொன்னாலும் பொறுப்பான், நாயைச் சொன்னால் பொறுக்கமாட்டான்.

"ஒறங்குறதா? எங்க ஊரு வட்டப்பாறை நாயா?" துண்டை உதறித் தோளில் போட்டான். "அம்பலகாரரே, இந்தச் சாதிக்குத் தூக்கமே கெடையாது. கண்ணை மூடுனா காது பாக்கும், காதை மடக்குனா வாலு பாக்கும்."

"அதான் கொறட்டை விடுதாக்கும்" என்றார் டீக்கடை காசிலிங்கம்.

"கொறட்டையா? ஆட்டுக்கு உத்தரவு குடுக்குதப்பா!"

ஆரம்பிச்சுட்டான் என்று முத்திருளாயி தலையில் கைவைத்தாள்.

பூர்வீகத்தை எடுத்துவிட்டான் வெள்ளைக்கண்ணு. அவன் பாட்டனுக்குப் பாட்டன் கிடை போட்டிருந்த இடத்தில் குட்டி தூக்க ஒரு சிறுத்தை வந்ததாம். அங்கிருந்த பெட்டை நாய் குரைக்கக்கூட இல்லையாம், சும்மா ஒரு முறை முறைத்ததாம். சிறுத்தை வெட்கப்பட்டுத் தலைகுனிந்து, பன்னிரண்டு வருஷம் வீட்டோட மாப்பிள்ளையாக இருந்து ஆடு மேய்த்ததாம். அந்த வம்சம்தான் இது.

"மேல புள்ளியக் காணுமே?" என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

"அடக்கமான சாதிப்பா. புள்ளிய உள்பக்கம் வச்சிருக்கு."

கூட்டம் சிரித்தது. சிரிப்புச் சத்தம் கேட்டால் அவனுக்கு வாய் நிற்காது. நாய்க்கு எண்ணத் தெரியும், கிடையில் ஒரு ஆடு குறைந்தாலும் சோறு தின்னாது என்றான். "ஆடு என்னங்க ஆடு! போன ஐப்பசியில மானத்துல மேயுற மேகத்தையே வளைச்சு ஓட்டிட்டு வந்துச்சு. உங்க ஊரு எல்லை வரைக்கும் வந்துருச்சு. பாவம் களைச்சிருமேன்னு நாந்தான் சீட்டியடிச்சுத் திருப்பிக் கூப்பிட்டேன்."

சிரிப்பு நின்றது. "அடப்பாவி! எங்க ஐப்பசி மழை ஒன்னாலதான் போச்சா?" காசிலிங்கம் எழுந்தேவிட்டார்.

அம்பலம் கையமர்த்தினார். "இருங்கப்பா. கீதாரி, ஒன் நாய் ஒறங்காது."

"சத்தியமா ஒறங்காதுங்க."

"எண்ணத் தெரியும்."

"தெரியும்ங்க."

"அப்ப நாப்பது ஆடு என் கொல்லையில எறங்குனது அதுக்குத் தெரிஞ்சேதான் நடந்திருக்கு."

"ஐயா, அது நல்லா ஒறங்குச்சுய்யா, என் கண்ணால பாத்தேன்" என்று முத்திருளாயி முன்னால் வந்து கும்பிட்டாள்.

"அந்தப் புள்ள சொல்றது நெசமாய்யா?" என்று அம்பலம் அவனைக் கேட்டார்.

தலையாட்டினால் போதும். வெள்ளைக்கண்ணு பெண்டாட்டியைப் பார்த்தான், கண்மாயைப் பார்த்தான், கடைசியில் நாயைப் பார்த்தான். அங்கேதான் கெட்டது.

"தெரியாம எப்படிங்க? அதுதான் முன்னால போயி வேலிப் படலைத் தெறந்துவிட்டுச்சு! பின்னங்கால்ல நின்னு, முன்னங்கால்ல கொண்டியைத் தூக்கி..."

"கிடையைக் கிளப்பு" என்றார் அம்பலம்.

முத்திருளாயி சட்டிபானையை மூட்டை கட்டி, ஆடுகளை ஓட்டிச் சாலையில் ஏற்றிவிட்டு, புருஷனைக் கூப்பிடத் திரும்பி வந்தாள். அவன் இன்னும் கூட்டத்தை விடவில்லை.

"வெவரமான சாதிங்க! கிளம்புன்னு வாயால சொல்ல வேணாம், மனசுல நெனச்சாலே போதும், முன்னால வந்து நிக்கும்."

"அப்ப நெனச்சுத் தொலைய்யா" என்றாள் முத்திருளாயி. "ஆடு அரை மைல் போயிருச்சு, அது இன்னும் ஒறங்குது."