கீரையில் மண்

அன்று மதியம் மடத்தில் இருந்தவர்கள் நாற்பத்திரண்டு பேர்.

பந்தியில் முப்பத்தெட்டு. பரிமாற இருவர். சமையல் செய்த கோமதி. பந்திக்கு எதிரே தனி இலையில், மடத்தை நடத்தும் அம்மா.

முப்பத்தெட்டில் முப்பத்தாறு பேர் வழக்கமாக வருகிறவர்கள். மற்ற இருவர் காரில் வந்தவர்கள்.

ஒருவர் ஆவுடையப்பன். மணிக்கதிர் சத்துமாவுக் கம்பெனி அவருடையது. வயது அறுபத்தொன்று. இன்னொருவர் பிரசன்னா. கம்பெனியின் பெயர் கெடாமல் பார்த்துக்கொள்ளச் சென்னையிலிருந்து அழைக்கப்பட்ட ஆலோசகர்.

அம்மாவுக்கு வயது நாற்பத்தாறு. ஆவுடையப்பன் பதினைந்து வயது மூத்தவர். இருந்தும் அவர்தான் கும்பிட்டார்.

“முப்பத்தொரு வருஷத்துப் பேரு அம்மா. மூணே நாள்ல போகுது.”

“என்ன ஆச்சு?”

“மாவுல கம்பித் துண்டு கிடந்திருக்கு. ரெண்டு பிள்ளைங்களுக்குத் தொண்டையில குத்திட்டு. ஒண்ணு வீட்டுக்குப் போயிட்டு. ஒண்ணுக்கு ஆபரேஷன் ஆகி ஆஸ்பத்திரியில இருக்கு.”

“அந்தப் பிள்ளைக்கு என்ன வயசு?”

ஆவுடையப்பன் பிரசன்னாவைப் பார்த்தார். பிரசன்னா போனைப் பார்த்தார்.

“ரெண்டரை,” என்றார் பிரசன்னா.

“டிவியில எங்க டப்பாவைத்தான் காட்டுதான் அம்மா. என் பேரனைப் பள்ளிக்கூடத்துல கேலி பண்ணுதாங்களாம். இந்தப் பேரை எப்படிக் காப்பாத்த? அதைக் கேட்கத்தான் வந்தேன்.”

“மணி பன்னிரண்டரை அண்ணாச்சி. சாப்பிட்டுட்டுப் பேசலாம்.”

இலை போட்டார்கள். தண்ணீர் வைத்தார்கள். யாரும் இலையைத் தொடவில்லை.

கோமதி வந்து வாசல்படியில் நின்றாள். கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள்.

“கீரையில மண்ணு இருக்கு. மூணு தண்ணியில அலசணும். ரெண்டுதான் அலசுனேன். நான்தான். சாம்பாரும் ரசமும் நல்லா இருக்கு. கீரை வேண்டாதவங்க நுனியை மடிச்சுக்கிடுங்க.”

“நேத்து உப்பு, இன்னைக்கு மண்ணா? நாளைக்கு என்ன மயினி, கல்லா?” என்றது ஒரு குரல்.

“நாளைக்கு வந்து கேளு.”

பந்தி சிரித்தது. சிலர் இலை நுனியை உள்பக்கமாக மடித்தார்கள். பரிமாறுகிறவர்கள் அந்த இலைகளைத் தாண்டிப் போனார்கள்.

பிரசன்னா நுனியை மடித்துக்கொண்டார். பிறகு தலையைத் தூக்கி மடிந்த இலைகளை எண்ணினார்.

“பதினாறு பேர் வேண்டாம்னுட்டாங்க சார். நாற்பத்திரண்டு சதவீதம். ஒரு ஓட்டல்ல இப்படிச் சொன்னா சாயங்காலம் பூட்ட வேண்டியதுதான்.”

கோமதி காதில் அது விழுந்தது.

“இருபத்திரண்டு பேரு மண்ணுன்னு தெரிஞ்சே வாங்கியிருக்காங்களே, தம்பி.”

“தினமும் இப்படித்தான் சொல்வீங்களா?”

“தப்பு நடந்தா சொல்லுவேன். என்ன தப்பு, எதுல இருக்கு, யாரு செஞ்சது. அதுக்குப் பொறவுதான் கரண்டியைத் தொடணும். இங்க அப்படி.”

“எத்தனை வருஷமா?”

“பதினொண்ணு. பந்தி குறையல.”

ஆவுடையப்பன் நுனியை மடித்திருக்கவில்லை. கீரையைப் பிசைந்து வாயில் வைத்தார். மண் நறநறத்தது. முகம் சுளிக்காமல் விழுங்கினார்.

சாப்பாடு முடிந்தது. அந்த மடத்தில் அம்மா எழுந்த பிறகுதான் மற்றவர்கள் எழுவார்கள். அம்மா எழவில்லை.

“கம்பெனி சார்பா என்ன சொல்லப்போறீங்க அண்ணாச்சி?”

“எழுதி வெச்சிருக்கு. நாலு மணிக்கு எல்லாப் பத்திரிகைக்கும் டிவிக்கும் போகுது.”

“இங்க வாசிங்க.”

“இவங்ககிட்டயா?”

அம்மா வாசல்படியைக் காட்டினார். கோமதி நின்ற இடம்.

ஆவுடையப்பன் கை கழுவிவிட்டுப் போய் நின்றார். பிரசன்னா காகிதத்தைக் கொடுத்தார்.

“முப்பத்தொரு ஆண்டுகளாகத் தமிழ்க் குடும்பங்களின் நம்பிக்கையைப் பெற்ற எங்கள் நிறுவனம், சமூக வலைதளங்களில் பரவும் சில செய்திகளைக் கவனத்தில் கொண்டுள்ளது. தரமே எங்கள் உயிர்மூச்சு. உரிய ஆய்வுகள் நடைபெற்று வருகின்றன. பொதுமக்கள் வதந்திகளை நம்ப வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறோம்.”



நாலாவது இலையில் இருந்தவர் சொரிமுத்து. மினி பஸ் கண்டக்டர். மகளுக்கு மூன்று வயது. அவர்தான் கையைத் தூக்கினார்.

“அண்ணாச்சி, எங்க வீட்டுல உங்க டப்பா ஒண்ணு இருக்கு. பிள்ளைக்குக் கொடுக்கலாமா, கூடாதா?”

ஆவுடையப்பன் காகிதத்தைப் பார்த்தார். மறுபடி வாசித்தார்.

“உரிய ஆய்வுகள் நடைபெற்று…”

“அது கேட்டுச்சு. எங்க வீட்டு டப்பாவைப் பத்திக் கேட்கேன்.”

“பொதுவா எங்க தயாரிப்பு எல்லாமே…”

“பொதுவா வேண்டாம் அண்ணாச்சி. என் பொண்டாட்டி பொதுவா கஞ்சி காய்ச்ச மாட்டா. அந்த டப்பாவுல இருந்துதான் காய்ச்சுவா.”

இரண்டு பேர் சிரித்தார்கள். சொரிமுத்து சிரிக்கவில்லை.

“சரி, உங்க வீட்டுல டப்பா இருக்கா? பேரன் இருக்கான்னு சொன்னீங்களே.”

“இருந்துச்சு.”

“இருந்துச்சுன்னா?”

ஆவுடையப்பன் காகிதத்தின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார்.

“தீர்ந்துபோச்சா, எடுத்து வெச்சுட்டீங்களா?”

“எடுத்து வெச்சுட்டேன்.”

“எப்போ?”

“முந்தாநாள்.”

பந்தியில் ஒருவர் சொம்பைக் கீழே வைத்தார். அந்தச் சத்தம் எல்லோருக்கும் கேட்டது.

“கடையில நூறு டப்பா அடுக்கியிருக்கான்,” என்றார் சொரிமுத்து. “உங்க வீட்டு டப்பாதான் கெட்டதுன்னு உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?”

பிரசன்னா எழுந்துவிட்டார். அம்மா எழுவதற்கு முன் அங்கே தானாக எழுந்தவர் அவர் ஒருவர்தான்.

“சார், டப்பா அடியில இருக்கிற நம்பரைச் சொல்லாதீங்க. சொன்னா தப்பை நாமே ஒத்துக்கிட்ட மாதிரி. வக்கீல் திரும்பத் திரும்பச் சொன்னார்.”

ஆவுடையப்பன் அம்மாவைப் பார்த்தார். அம்மா தன் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதில் ஓரமாக நாலைந்து மணல் பருக்கைகள் ஒதுக்கி வைக்கப்பட்டிருந்தன.

ஆவுடையப்பன் காகிதத்தை மடித்துப் பையில் வைத்தார். கையை வேட்டியில் துடைத்தார்.

“மாவுல கம்பி இருக்கு,” என்றார். “மாவு சலிக்கிற மெஷினோட சல்லடையை நாற்பது நாளைக்கு ஒருதரம் மாத்தணும். தீபாவளி லோடு போயிரட்டும், பொறவு மாத்திக்கிடலாம்னு சொன்னேன். அம்பத்திரண்டு நாள் ஓடிச்சு, கடைசி நாள் சல்லடைக் கம்பி அறுந்து மாவுல விழுந்துட்டு. சொன்னது நான்தான். அன்னைக்கு ரெண்டாவது சிப்டுல போட்ட மாவு மட்டும்தான் கெட்டது. டப்பாவைக் கவுத்துப் பாருங்க. அடியில பி இருநூத்திப் பத்தொம்பதுன்னு இருந்தா கொடுக்காதீங்க. மத்தது நல்லா இருக்கு.”

சொரிமுத்து அதற்குள் போனை எடுத்திருந்தார். மனைவியைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டார்.

“ஏட்டி முப்பிடாதி, அந்த மாவு டப்பாவைக் கவுத்து அடியில என்ன போட்டிருக்குன்னு பாரு.”

“இப்பவா? கஞ்சி காய்ச்சி ஆத்திக்கிட்டு இருக்கேன். இவ வேற பசிக்குன்னு அழுதா.”

“ஊட்டிட்டியா?”

“இனிமேதான்.”

“கிண்ணத்தைக் கீழ வையி. முதல்ல டப்பாவைப் பாரு.”

டப்பா உருளும் சத்தம். குழந்தை அழும் சத்தம்.

“பி. ரெண்டு. ஒண்ணு. ஒம்பது. ஏன், என்ன?”



“அதைக் கொட்டிரு. சோத்தைப் பிசைஞ்சு கொடு. நான் வந்து சொல்லுதேன்.”

போனை வைத்துவிட்டு அவர் ஆவுடையப்பனைப் பார்த்தார். திட்டவில்லை. நன்றியும் சொல்லவில்லை.

“உங்க காகிதத்தைக் கேட்டுட்டு நான் வீட்டுக்குப் போயிருந்தா, நானே ஊட்டியிருப்பேன் அண்ணாச்சி,” என்றார்.

அம்மா எழுந்தார். பந்தியில் இருந்த முப்பத்தாறு பேரும் எழுந்தார்கள். பிரசன்னா மட்டும் முன்பே நின்றுகொண்டிருந்தார். ஆவுடையப்பன் படியைவிட்டு நகரவில்லை.

“சார், மணி ஒண்ணரை. நாலு மணிக்கு அந்தக் காகிதம் போகணுமா, வேண்டாமா? கம்பெனி பேருக்கு…”

இலைகளை எடுத்தார்கள். தரையைத் துடைத்தார்கள். பந்தி முடிந்ததும் அம்மா தினமும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. அன்றும் கேட்டார்.

“எத்தனை மிச்சம்?”

“கீரை பதினாறு கரண்டி,” என்றாள் கோமதி. “சோறு ஆறு பேருக்கு.”

அம்மா தலையசைத்தார். உள்ளே போகவில்லை. வாசல்படியருகே வந்து நின்றார்.

ஆவுடையப்பன் பையிலிருந்த காகிதத்தை எடுத்தார். பிரசன்னாவின் பேனாவை வாங்கினார். எழுத்து இல்லாத பக்கத்தைத் திருப்பிச் சுவரில் வைத்து எழுதினார்.

அந்தச் சிப்டில் போட்டது ஆயிரத்து நானூற்று நாற்பது டப்பா. குடோனை விட்டுப் போகாதது நானூற்று ஐம்பத்தாறு. கடைகளிலிருந்து சத்தமில்லாமல் திருப்பி எடுத்தது முந்நூற்று ஐம்பத்துமூன்று. அந்த இரண்டு பிள்ளைகளின் வீட்டில் இரண்டு. அவர் வீட்டில் ஒன்று.

பேனா நின்றது. பிறகு முப்பிடாதி வீட்டு டப்பாவையும் கழித்தார்.

“நாலு மணி வேண்டாம்,” என்றார் பிரசன்னாவிடம். “இப்பவே கூப்பிடு.”

“கூப்பிட்டு என்ன சார் சொல்றது?”

ஆவுடையப்பன் அம்மாவின் பக்கம் திரும்பினார்.

“மிச்சம் அறுநூத்தி இருபத்தேழு டப்பா, அம்மா.”