திருப்பிக் கொடுத்த டிசி

ஒரு பெண் மூன்று பெரியவர்களிடம் வழி கேட்டாள். மூவரும் மூன்று விதமாகப் பதில் சொன்னார்கள். அவற்றை மாற்றாமல் இங்கே தருகிறேன். படிப்பவர்கள் ஒவ்வொன்றையும் தனித்தனியே நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். இறுதியில் உங்களிடம் ஒரு கேள்வி கேட்பேன்.

மதுரைக்கு மேற்கே, மலை தெரியும் தூரத்தில் ஓர் ஊர். அங்கே அபிநயா என்னும் பெண் பத்தாம் வகுப்பில் நானூற்று இருபத்தொன்பது மதிப்பெண் எடுத்தாள். அவள் தகப்பன் சோலைமலை இரண்டு மாடுகளை வைத்துக்கொண்டு சொசைட்டிக்குப் பால் ஊற்றிப் பிழைப்பவர். முந்தைய ஆண்டு அவர்களுடைய சினைப்பசு, கன்று வயிற்றில் திரும்பி மாட்டிக்கொண்டதால், இரண்டு நாள் கிடந்து செத்தது. அந்த வட்டாரத்துக்கு ஒரே ஒரு கால்நடை மருத்துவர். அவர் வந்து சேர்ந்தபோது பசுவின் உடம்பு குளிர்ந்துவிட்டிருந்தது. அன்று முதல் மாட்டு டாக்டர் ஆவேன் என்பதைத் தவிர அந்தப் பெண் வேறெதுவும் சொன்னதில்லை.

பதினோராம் வகுப்புச் சேர்க்கை வந்தது. எந்தக் குரூப் எடுப்பது என்று முதலில் தகப்பனைக் கேட்டாள். சோலைமலை ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவர்.

“எனக்கு என்ன தாயி தெரியும்? பருத்திக்கொட்டை எத்தனை படி ஊறப்போடணும்னுகூட உங்கம்மாவத்தான் கேக்குறேன். சாருகளக் கேளு. அவுக காட்டுற எடத்துல கையெழுத்துப் போடுறேன்.”

அடுத்து, தலைமையாசிரியர் ஜெயசீலனிடம் போய் உயிரியல் குரூப் கேட்டாள். நானூற்றைம்பதுக்குக் கீழே எடுத்தவர்களுக்கு அவர் உயிரியல் குரூப் தருவதில்லை. இது அரசு விதி அன்று. தேர்வு முடிவு வரும்போது பள்ளி வாசலில் கட்டும் பேனருக்காக அவரே வகுத்துக்கொண்டது. அந்தக் குரூப்பில் மூன்று இடங்கள் காலியாக இருந்தன. இருந்தும் மறுத்தார்.

“உயிரியல் இங்க கிடையாதும்மா. வேணும்னா டிசி தாரேன். வேற ஸ்கூல்ல பாத்துக்க.”

சொன்னபடியே டிசியில் கையெழுத்திட்டுக் கொடுத்தார். எட்டு கிலோமீட்டர் தொலைவிலிருந்த பெண்கள் பள்ளியில் நானூறு எடுத்தவர்களுக்கும் உயிரியல் கொடுத்தார்கள். வெள்ளிக்கிழமைவரை சேர்க்கை உண்டு. அன்று புதன்கிழமை.

டிசியைக் கையில் பிடித்தபடி வராந்தாவில் தகப்பனோடு நின்றாள். அந்தப் பள்ளிக்குப் போகும் பஸ் வர அரை மணி இருந்தது. அவ்வழியே கம்ப்யூட்டர் ஆசிரியர் குருபரன் வந்தார். நன்றாகப் பாடம் நடத்துகிறவர். அதையும் சொல்லிவிட வேண்டும். அவ்வாண்டு அவருடைய குரூப்பில் பத்தொன்பது பேர்தான் சேர்ந்திருந்தார்கள். இருபது பேர் சேராவிட்டால் குரூப்பை மூடிவிட்டு அவரை வெளியூருக்கு மாற்றிவிடுவார்கள் என்று பேச்சு. அவர் வராந்தாவிலேயே சுற்றிக்கொண்டிருப்பதைப் பார்த்து, மினிபஸ்ஸுக்கு ஆள் பிடிப்பது போல் பிடிக்கிறார் என்று சக ஆசிரியர்கள் கேலி செய்தார்கள். தன் குரூப்புக்கு வரும்படி அவர் அழைத்ததும் அபிநயா கேட்டாள்:

“சார், கம்ப்யூட்டர் குரூப் எடுத்தா மாட்டு டாக்டருக்குப் படிக்க முடியுமா?”

“அதுவும் சயின்ஸ்தானம்மா. நல்லா மார்க் வாங்கு, எல்லாத்துக்கும் போகலாம்.”

சோலைமலை, குருபரன் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டார். டிசியை அலுவலகத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். பஸ் வந்து போயிற்று.

இரண்டு ஆண்டுகள் அந்தப் பெண் இரவும் பகலும் படித்தாள். பன்னிரண்டாம் வகுப்பில் பள்ளிக்கே முதலிடம். நானூற்று இருபத்தொன்பதுக்கு உயிரியல் கிடையாது என்றவர், பேனரில் அவள் முகத்தைத்தான் பெரிதாகப் போட்டார். கால்நடை மருத்துவப் படிப்புக்கு விண்ணப்பிக்கத் தகப்பனும் மகளும் கம்ப்யூட்டர் சென்டருக்குப் போனார்கள். அங்கிருந்தவர் இரண்டு மூன்று முறை முயன்று பார்த்துவிட்டு அவர்கள் பக்கம் திரும்பினார்.

“உயிரியல் மார்க் கேக்குதும்மா. அதப் போடாம அடுத்த பக்கத்துக்கே போக மாட்டேங்குது.”

மறுநாள் பள்ளியில் நால்வரும் எதிரெதிரே நின்றார்கள். நான் எதையும் மறைக்கவில்லை, முகத்துக்கு நேராகவே மறுத்தேன் என்றார் ஜெயசீலன். இந்த மதிப்பெண்ணுக்கு நல்ல பொறியியல் கல்லூரி கிடைக்கும், சாணிக்குள் நிற்கவேண்டிய பெண்ணைக் கரை சேர்த்திருக்கிறேன், இதில் என்ன கெடுதல் என்றார் குருபரன். கையெழுத்துப் போட்ட கை என் கைதானே என்று சோலைமலை தலையில் அடித்துக்கொண்டார். அபிநயா அழவில்லை.

“நான் பஸ்ஸுக்குத்தான் சார் நின்னுக்கிட்டிருந்தேன்” என்றாள்.

தெரியாது என்றவர் ஒருவர். கிடையாது என்றவர் ஒருவர். போகலாம் என்றவர் ஒருவர். இம்மூவரில் அந்தப் பெண்ணின் வழியை அடைத்தவர் யார்?

விடை: பலரும் தலைமையாசிரியரையே சொல்வீர்கள். காலி இடத்தைப் பேனருக்காகப் பூட்டி வைத்தவரை நானும் மன்னிக்கவில்லை. ஆனால் அவருடைய மறுப்போடு ஒரு டிசியும் சேர்ந்து வந்தது. தகப்பனின் அறியாமையோ, அவளைத் தெரிந்தவர்களிடம் அனுப்பிவைத்தது. இருவருடைய பதிலுக்குப் பிறகும் அவளுக்கு வழி இருந்தது, பஸ்ஸும் இருந்தது. வழியை அடைத்தவர் குருபரன். மூவரில் அவர் ஒருவர்தான் உண்மையைத் தெரிந்துகொண்டே பொய் சொன்னார். தம் நாற்காலி ஆடிற்று என்று ஒரு குழந்தையின் இரண்டு ஆண்டுகளை அந்த நாற்காலியின் காலுக்கு முட்டாகக் கொடுத்தார். நினைக்க நினைக்க எனக்கு நெஞ்சு கொதிக்கிறது. ஆசிரியர்களே, பெற்றோர்களே, இந்தக் கோடையிலும் ஏதோ ஒரு வராந்தாவில் ஒரு பிள்ளை உங்களை இதே கேள்வி கேட்கும். தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லுங்கள். முடியாதென்றால் முடியாது என்று சொல்லுங்கள். அது பஸ் ஏறிப் போய்ப் பிழைத்துக்கொள்ளும்.