புகைக்குப் பின்னால்

"நல்லதுக்காகச் செய்யுற தப்பு, தப்பாகுமா அம்மா?"

கேட்டவர் சிவக்கொழுந்து. கருடன்பாறை மலை ஆசிரமத்தின் வேன் ஓட்டுநர்.

ஆசிரமத்தை நடத்தும் நிர்மலாம்பிகை அம்மா வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். கத்தி நிற்கவில்லை.

"என்ன செஞ்சீங்க?"

"ஒண்ணும் செய்யலைம்மா. சும்மாதான் கேட்டேன்."

"சும்மா கேட்ட கேள்விக்குப் பதில் கிடையாது."

சிவக்கொழுந்து போகவில்லை. நின்றுகொண்டே இருந்தார்.

"நாளைக்கு வண்டிக்கு எஃப்.சி., தகுதிச் சான்று வாங்கணும். கீழே ஆர்.டி.ஓ. ஆபீசுக்குக் கொண்டுபோகணும்."

"நானும் வரேன்" என்றார் அம்மா.

"உங்களுக்கு எதுக்கும்மா சிரமம்?" என்றார் சிவக்கொழுந்து.

அரசுப் பேருந்து ஓட்டிக்கொண்டிருந்தவர் அவர். மனைவி இறந்த பிறகு வேலையை விட்டார். மன அமைதி தேடி மலை ஏறினார். அம்மா அவருடைய மகளைவிடக் கொஞ்சம்தான் மூத்தவர். ஆனாலும் முதல் நாளே சிவக்கொழுந்து அவரைக் குருவாக ஏற்றுக்கொண்டார்.

"எனக்கு மந்திரம் ஏதாவது சொல்லித் தாங்கம்மா" என்று அன்று கேட்டார்.

அம்மா வேன் சாவியைக் கொடுத்தார்.

அன்றிலிருந்து அதுதான் அவருக்கு மந்திரம். மலைக் குடிசைகளில் இருக்கும் நோயாளிகளைக் காலையில் டவுன் ஆஸ்பத்திரியில் இறக்கிவிடுவார். மருந்து வாங்கியதும் திரும்ப ஏற்றிக்கொண்டு வருவார்.

டீசல் வண்டியின் புகைக்குழாயில் கரியைப் பிடித்து வைக்க ஒரு வடிகட்டி உண்டு. ஃபில்டர் என்பார்கள். மலையில் மெதுவாகவே ஓடும் வண்டிக்கு அது சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். அடைத்தால் இழுவை போய்விடும்.

ஒருநாள் நல்ல மழை. வண்டியில் பிரசவம் முடிந்து திரும்பும் பேச்சி, கையில் பச்சைக் குழந்தை. கொண்டை ஊசி வளைவில் வேன் முக்கியது. முனகியது. நின்றேவிட்டது. எவ்வளவு மிதித்தும் ஏறவில்லை. சாரல் அடித்து உள்ளே நனைய, குழந்தையின் உதடு நீலம் பாரித்தது. எப்படியோ பிழைத்தது.

மறுநாளே சிவக்கொழுந்து ஒரு பட்டறைக்குப் போனார்.

பட்டறைக்காரர் ஃபில்டரின் உறையை அறுத்தார். உள்ளே தேன்கூடு மாதிரி இருந்ததைக் குடைந்து எடுத்தார். வெறும் உறையைத் திரும்பப் பற்றவைத்தார். எச்சரிக்கை விளக்கு எரியாதபடி வண்டியின் கம்ப்யூட்டரிலும் கைவைத்தார்.

"குனிஞ்சு பார்த்தாலும் தெரியாதுண்ணே. பழைய டப்பா அப்படியேதான் இருக்கு."

வேன் குதிரை மாதிரி ஏறியது. பின்னால் கரும்புகை கக்கியது. சிவக்கொழுந்து கண்ணாடியில் பின்னால் பார்ப்பதைக் குறைத்துக்கொண்டார்.

எஃப்.சி. அன்று காலை, ஆர்.டி.ஓ. ஆபீஸ் மைதானத்தில் வண்டிகள் வரிசையில் நின்றன.

ஆய்வாளர் அமலதாஸ் பிரேக் பார்த்தார். விளக்குகளைப் போட்டுப் பார்த்தார். டயரைத் தடவினார். அம்மா பக்கத்திலேயே நின்றார்.

"ஆசிரமத்து வண்டியா?"

"ஆமாங்க."

"நோயாளிகளைக் கூட்டிட்டு வர்ற வேன்தானே? பார்த்திருக்கேன்."

அமலதாஸ் புகை அளக்கும் கருவிப் பக்கம் திரும்பினார். அங்கே லாரிகள் காத்துக் கிடந்தன.

"ஃபில்டர் உள்ளே இருக்குல்ல?"

சிவக்கொழுந்து அம்மாவைப் பார்த்தார். அம்மா மைதானத்து வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இருக்குங்க."

"சரி. உங்களை மாதிரி ஆளுங்க பொய் சொல்ல மாட்டீங்க. வண்டியை எடுங்க."

அவ்வளவுதான். புகையை அளக்காமலேயே வண்டி பாஸ்.

சிவக்கொழுந்து ஸ்டியரிங்கில் கை வைத்தார். அம்மா ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தார். திட்டுவார் என்றுகூட நினைத்தார். அம்மா கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தார்.

ஆஸ்பத்திரி வாசலில் நோயாளிகள் ஏறினார்கள். பேச்சியும் குழந்தையோடு ஏறினாள்.

மலையடிவாரம் வந்தது.

"நிறுத்துங்க" என்றார் அம்மா. இறங்கினார். "நீங்க போங்க. நான் பின்னாடியே நடந்து வரேன்."

"வெயிலா இருக்கும்மா."

"போங்க."

குரு சொல்லைத் தட்ட முடியுமா? வண்டியை எடுத்தார்.

ஏற்றம் தொடங்கியது. மெதுவாகப் போனார். கண்ணாடியில் அம்மா தெரிந்தார். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, புகைக்குழாய்க்கு நேர் பின்னால் நடந்தார். ஓரமாகக்கூட ஒதுங்கவில்லை.

ஆக்சிலேட்டரை மிதித்தார். குபுகுபுவென்று கிளம்பிய கருமையில் அம்மா மறைந்துபோனார். மறுபடி தெரிந்தார். மூக்கை மூடவில்லை. இருமினார். நடந்தார்.

"அண்ணே, அம்மா இருமுறாங்க" என்றாள் பேச்சி.

தெரியும். ஒவ்வொரு இருமலும் அவர் முதுகில் விழுந்துகொண்டிருந்தது.

வேகமாகப் போய்விட்டால் புகை எட்டாது என்று தோன்றியது. விரட்டினார். வளைவு திரும்பினார். கண்ணாடியில் வெறும் சாலை.

காத்திருந்தார். யாரும் வரவில்லை.

வண்டியை அணைக்காமலேயே குதித்து இறங்கி ஓடினார்.

வளைவுக்கு அந்தப் பக்கம் அம்மா பாறையைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றிருந்தார். மூச்சு சீழ்க்கை அடித்தது. முகத்தில், கழுத்தில், காவிப் புடவையில் கரி.

"போதும்மா. வண்டியில ஏறுங்க."

"ஏன்?"

"புகைம்மா."

அம்மா மெல்ல நிமிர்ந்தார்.

"ஃபில்டர் இருக்குன்னு நீங்கதானே சொன்னீங்க? அதை நம்பித்தான் பின்னாடி நடக்குறேன்."

சிவக்கொழுந்து அப்படியே சாலையில் உட்கார்ந்துவிட்டார்.

எழுந்தார். வேனுக்குப் போய் எஞ்சினை அணைத்தார். மலை திடீரென்று நிசப்தமானது. அந்த நிசப்தத்தில் கடைசி சீட்டுக் கிழவரின் இருமல் கேட்டது. இத்தனை நாளும் எஞ்சின் சத்தத்தில் அது சிவக்கொழுந்தின் காதில் விழுந்ததே இல்லை.

"எல்லாரும் இறங்குங்க. இந்த வண்டி மேலே வராது."

"கெட்டுப்போச்சா?"

"நான் கெடுத்துட்டேன்."

சொன்னார். ஒன்றையும் மறைக்கவில்லை.

பேச்சிக்கு அழுகை முட்டியது. "எங்களுக்காகத்தானேண்ணே செஞ்சீங்க? எம்புள்ளைக்காகத்தானே? இப்ப வண்டி இல்லாமப் போனா நாங்க எப்படி ஏறி இறங்குவோம்?"

சிவக்கொழுந்து வேன் கதவைத் திறந்து பிடித்தார்.

காய்கறி இறக்கிவிட்டுத் திரும்பிய ஜீப் ஒன்று கீழிருந்து வந்தது. அம்மா குறுக்கே நின்று அதை நிறுத்தினார். நோயாளிகளை அதில் ஏற்றிவிட்டு, தான் மட்டும் வேனில் வந்து உட்கார்ந்தார்.

சிவக்கொழுந்து வண்டியைத் திருப்பினார். இறக்கத்தில் ஒருமுறைகூட வேகம் கூட்டவில்லை.

அமலதாஸ் சாப்பிட்டுவிட்டு வந்து நாற்காலியில் அப்போதுதான் உட்கார்ந்திருந்தார்.

"என்ன திரும்பி வந்துட்டீங்க? எதையாவது மறந்துட்டீங்களா?"

"ஐயா, நான் சொன்னது பொய். ஃபில்டர் கிடையாது. உறை மட்டும்தான் இருக்கு."

அமலதாஸ் முறைத்தார். மைதானத்துக்கு வந்தார். வண்டிக்கு அடியில் படுத்து ஸ்பானரால் தட்டினார். டங் என்று வெற்றுப் பானைச் சத்தம்.

எழுந்தபோது அவர் முகம் சிவந்திருந்தது.

"உங்களை நம்பித்தானேய்யா விட்டேன்! நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா யார் தலை உருளும்? சாமியார் வண்டின்னு பார்த்தா, நீங்களும் இதைத்தான் செய்யுறீங்களா?"

மைதானத்தில் நின்ற ஓட்டுநர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சிவக்கொழுந்து தலையைக் குனிந்துகொண்டார். தன்னைத் திட்டுவது வலிக்கவில்லை. ஆசிரமத்தைச் சேர்த்துத் திட்டியது வலித்தது.

"மலையில அடைச்சுக்கிச்சுங்க. பச்சைக் குழந்தையோட நடுவழியில நின்னுடுச்சு. எனக்கு வேற வழி தெரியல."

"யார்கிட்டயாவது கேட்டீங்களா?"

"இல்லைங்க."

"வாரம் ஒருதடவை நாலு வழிச் சாலையில நிறுத்தாம ஒரு ஓட்டு ஓட்டியிருந்தா, அடைச்ச கரி சூட்டுல தானா எரிஞ்சு போயிருக்கும். ஃபில்டரை அப்படித்தான்யா செஞ்சு வெச்சிருக்கான்."

சிவக்கொழுந்து வேனின் புகைக்குழாயைத் திரும்பிப் பார்த்தார்.

அமலதாஸ் அறைக்குள் போய் மேசை முன் உட்கார்ந்தார். சான்றிதழை ரத்து செய்ய வேண்டும். அறிக்கை எழுத வேண்டும். புது ஃபில்டர் மாட்டும்வரை வண்டி மைதானத்தைவிட்டு நகரக் கூடாது. எல்லாவற்றையும் கடுகடுவென்று சொல்லிக்கொண்டே எழுதினார்.

"தவறு செய்தவர் சிவக்கொழுந்து. ஓட்டுநர்." எழுதிவிட்டு, பின்னால் நின்ற அம்மாவை ஏறிட்டுப் பார்த்தார். கரி படிந்த முகம்.

"உங்களுக்கு இது முன்னாடியே தெரியுமா?"

சிவக்கொழுந்து முந்திக்கொண்டார். "அவங்களுக்கு ஒண்ணும் தெரியாதுங்க. எல்லாம் நான்தான்."

"அவங்களைக் கேட்டேன்."

"தெரியும்" என்றார் அம்மா. "வாசல்ல காயப்போட்ட துணியெல்லாம் கறுத்துது."

"காலையில இவர் பொய் சொன்னப்போ நீங்க பக்கத்துலதானே நின்னீங்க?"

"ஆமா."

"ஏன் வாயைத் திறக்கல?"

எதைக் கேட்டாலும் சட்டென்று பதில் சொல்பவர் அம்மா. இப்போது மேசையருகே வந்தார்.

"என் பேரையும் எழுதிக்குங்க" என்றார்.

அமலதாஸின் குரல் இறங்கியது.

"நிர்மலாம்பிகைன்னு போடவா?"

"அது ஆசிரமத்துல வெச்ச பேரு. பவுனுத்தாய்னு எழுதுங்க. அப்பா பேரு சடையாண்டி."

சிவக்கொழுந்து அந்தப் பெயரை அன்றுதான் முதல்முறையாகக் கேட்டார்.